கட்டு வைத்தியர் மகன் ஹியூ ஓவன் தாமஸ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர்)

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பகுதிக்குள் ஒரு முறையேனும் சென்று வந்தவர்கள் அந்த இரும்புச் சட்டத்தைப் பார்த்திருப்பார்கள். தொடையின் மேல்முனையில் தோல் சுற்றிய ஒரு வளையம். அதிலிருந்து காலின் இருபுறமும் நீண்டு, பாதத்துக்கு அப்பால் ஒன்றாக வளைந்து சேரும் இரு கம்பிகள். நடுவே துணிப்பட்டைகளின் மேல் அசையாமல் கிடக்கும் கால். தாமஸ் ஸ்பிளின்ட் என்று அதற்குப் பெயர். மருத்துவர் முதல் கட்டுக் கட்டும் பணியாளர் வரை எல்லாரும் அந்தப் பெயரை நாள்தோறும் சொல்கிறார்கள். அந்தத் தாமஸ் யார்?

சென்ற ஆண்டு வரை எனக்கும் தெரியாது. கல்லூரிகளுக்கிடையிலான கபடிப் போட்டிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பாடிப் போன நான் திரும்பும் வேகத்தில் வலது பாதம் உள்பக்கமாக மடங்கி விழுந்தேன். படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அன்று மாலையே வீட்டுத் திண்ணையில் அப்பா என் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கூலி வேலை செய்பவர். ஆனால் சுளுக்கு, பிசகு என்றால் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். விளக்கெண்ணெய் தடவி நீவி, குதிகாலை ஒரு கையாலும் பாதத்தை மறுகையாலும் பிடித்து ஒரு திருகு திருகுவார். காசு வாங்க மாட்டார். எனக்கும் அப்படியே செய்தார். மறுநாள் கால் பூசணிக்காய் போல் ஆயிற்று. நான் மறுபடி களத்தில் இறங்க மூன்று மாதம் ஆனது.

அப்பா தவறு செய்துவிட்டாரா? அவர் கைபட்டு எழுந்து நடந்தவர்களை நான் சிறுவயது முதல் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேனே! இந்த ஐயத்தோடு நூலகத்தில் உடலியல் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஹியூ ஓவன் தாமஸின் வாழ்க்கை கையில் அகப்பட்டது. அவரும் ஒரு கட்டு வைத்தியரின் மகன்.

வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்சி என்றொரு தீவு உண்டு. பாறைகள் நிறைந்த அதன் கடற்கரையில் கப்பல்கள் அடிக்கடி மோதி உடையும். 1745-ஆம் ஆண்டையொட்டி அப்படி உடைந்த ஒரு கப்பலிலிருந்து சிறுவன் ஒருவன் கரை சேர்ந்தான் என்பது அத்தீவின் செவிவழிச் செய்தி. அவனுக்கு ஆங்கிலமும் தெரியாது, வேல்ஸ் மொழியும் தெரியாது. எந்த நாட்டான் என்பதே யாருக்கும் விளங்கவில்லை. ஊரார் அவனுக்கு ஈவன் தாமஸ் என்று பெயரிட்டு ஒரு பண்ணை வீட்டில் வளர்த்தார்கள். கால் ஒடிந்த பறவைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் எடுத்து எலும்பைச் சேர்த்துக் கட்டுவதில் அவனுக்கு இயல்பாகவே ஒரு கைத்திறன் இருந்தது. பின்னர் மனிதர்களுக்கும் கட்டத் தொடங்கினான். 1814-இல் மறைந்த அவருக்கு அங்குள்ள ஒரு தேவாலயத்தில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. கடல் கொண்டுவந்து போட்ட பெயரற்ற பிள்ளைக்குக் கல்வெட்டு வைக்கும் அளவுக்கு அந்தத் தீவினர் நன்றி பாராட்டியிருக்கிறார்கள்.

அவருடைய மகனும் பேரனும் அதே தொழிலைக் கைக்கொண்டனர். பேரனுக்கும் ஈவன் தாமஸ் என்றே பெயர். அவர்தாம் நம் கதைத்தலைவரின் தந்தை. அவர் தீவை விட்டுத் துறைமுக நகரமான லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்தார். கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளரும் கொல்லர்களும் மாலுமிகளும் நிறைந்த நகரம் அது. நாளெல்லாம் கைகால் பிசகும் ஊரில் கட்டு வைத்தியருக்கு வேலைக்கு என்ன குறை? கூட்டம் மொய்த்தது. பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கு இது பொறுக்கவில்லை. படிக்காதவர் வைத்தியம் பார்க்கிறார், நோயாளியைக் கெடுத்துவிட்டார் என்று அவர் மீது வழக்குகள் திரும்பத் திரும்பத் தொடரப்பட்டன. கூண்டில் ஏறி இறங்கியே அவர் சலித்துப் போனார் போலும். தம் ஐந்து ஆண்பிள்ளைகளையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். ஐவரும் பட்டம் பெற்று மருத்துவரானார்கள்! தம்மை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்களின் கல்லூரிக் கதவை அந்த மனிதர் ஐந்து முறை தட்டித் திறந்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்கு, இந்தச் செய்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கத் தோன்றியது.

அந்த ஐவரில் ஒருவரான ஹியூ 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் ஆங்கிள்சியில் பிறந்தார். நோஞ்சான் குழந்தை. கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று தீவிலேயே தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். சிறுவயதில் கல்லடி பட்டு ஒரு கண்ணின் இமை பிதுங்கிப் போயிற்று. அதை மறைக்கவே பிற்காலத்தில் முனை நீண்ட தொப்பியை ஒருபுறமாகச் சாய்த்து அணிந்திருப்பார். உறவினரான ஒரு மருத்துவரிடம் நான்கு ஆண்டுகள் பயிற்சி, பிறகு எடின்பரோவிலும் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் படிப்பு. 1857-இல் அறுவை மருத்துவருக்கான தகுதியைப் பெற்றார்.

பட்டத்தோடு லிவர்பூல் திரும்பியவர் தந்தையோடு சேர்ந்தே தொழில் தொடங்கினார். சரியாக அந்த வேளையில், 1858-இல், பிரிட்டனில் மருத்துவச் சட்டம் ஒன்று வந்தது. தகுதி பெற்ற மருத்துவர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் ஏறின. மகன் பெயர் பதிவேட்டுக்கு உள்ளே. தந்தை பெயர் வெளியே. ஒரே கூரையின் கீழ் இருவரும் எத்தனை நாள் ஒத்துப் போவது? ஏறக்குறைய ஓர் ஆண்டில் பிணங்கிப் பிரிந்தார்கள். 1859-இல் ஹியூ தனியே தொழில் தொடங்கினார். பிரிவுக்குக் காரணம் பதிவேடு மட்டுமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். அசைக்கும் கையை நம்பி வாழ்ந்தவர் தந்தை. மகனோ அசையாமையை நம்பத் தொடங்கியிருந்தார்.

இந்த இடத்தில் கணுக்காலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கீழ்முனையில் ஒரு கவ்வி போல் அமைந்திருக்கின்றன. நாம் தொட்டுப் பார்க்கும் உட்கணுவும் வெளிக்கணுவும் அந்தக் கவ்வியின் இரு தாடைகள். அவற்றுக்கிடையே டேலஸ் என்ற எலும்பு அமர்ந்திருக்கிறது. எலும்பை எலும்போடு கட்டி நிறுத்துவன இணைப்பு நார்கள். லிகமென்ட் என்று வகுப்பில் படிப்பது அதைத்தான். உட்புறம் விசிறி போல் விரிந்த வலுவான ஒரே தொகுதி. வெளிப்புறமோ தனித்தனியான மூன்று நார்கள்: வெளிக்கணுவிலிருந்து டேலஸின் முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று, குதிகால் எலும்புக்கு ஒன்று. பாதம் உள்ளே மடங்கும்போது முதலில் அறுவது முன்புறத்து நார். மூன்றிலும் நலிந்தது அதுதான். என் படக்கென்ற சத்தம் பெரும்பாலும் அதனுடையது.

அக்காலக் கட்டு வைத்தியர்களுக்கு இந்த உடற்கூறு தெரியாது. எந்த மூட்டு வலித்தாலும் எலும்பு இடம்பெயர்ந்திருக்கிறது என்பார்கள். இழுத்துத் திருகுவார்கள், சொடக்கென்று ஓசை எழும், எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்பார்கள். நம் ஊரிலும் இதே விளக்கந்தான், இதே ஓசைதான். ஆனால் சுளுக்கில் எலும்பு பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓசைக்கு வேறு காரணம். மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர்மத்தில் வாயு கரைந்துள்ளது. மூட்டின் பரப்புகள் திடீரென்று விலகும்போது அழுத்தம் குறைந்து அங்கே ஒரு வெற்றிடம் தோன்றுகிறது. விரல் மூட்டில் நெட்டி முறிப்பதைக் காந்தப் படக்கருவிக்குள் வைத்தே பார்த்த கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2015-இல் இதை வெளியிட்டார்கள். ஆகவே ஓசை கேட்டதால் எலும்பு கூடிவிட்டது என்பதற்கில்லை.

அப்படியானால் எழுந்து நடந்தவர்கள் எப்படி நடந்தார்கள்? ஹியூ காலத்திலேயே சில நேர்மையான மருத்துவர்கள் இதைக் கேட்டார்கள். லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பாஜெட் 1867-இல் கட்டு வைத்தியர் குணப்படுத்தும் நோய்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர்களால் விளையும் கேட்டையும் அவர்களிடம் கற்க வேண்டியதையும் சேர்த்தே எடுத்துரைத்தார். வார்ட்டன் ஹூட் என்ற மருத்துவர் ரிச்சர்ட் ஹட்டன் என்ற கட்டு வைத்தியரிடம் நேரிலேயே கற்று, 1871-இல் அந்தக் கைமுறைகளை மருத்துவ இதழில் எழுதினார். அவர்கள் கண்டது இதுதான்: சுளுக்கு ஆறி வாரக்கணக்கில் ஆன பின்பும் சிலருக்கு மூட்டு இறுகிப்போய் நிற்கும். கிழிந்த நார் ஆறும்போது அதைச் சுற்றி வடுத்திசு ஒட்டிக்கொள்கிறது. மூட்டின் உறையும் சுருங்குகிறது. வலிக்கு அஞ்சி அசைக்காததால் இன்னும் இறுகுகிறது. அத்தகைய மூட்டைத் தேர்ந்த கை ஒரு முறை அசைத்துவிட்டால் பூட்டுத் திறந்தது போலிருக்கும். மருத்துவரோ அதே காலுக்கு மேலும் மேலும் ஓய்வு கொடுத்து முடமாக்கியிருப்பார். ஆனால் அன்று பரவலாக இருந்த எலும்புருக்கி, அதாவது காசநோய், மூட்டில் தங்கியிருக்க அதைச் சுளுக்கு என்று எண்ணித் திருகினால் கால் போயிற்று; சில நேரம் உயிரும் போயிற்று. இரண்டையும் பிரித்தறியக் கட்டு வைத்தியருக்கு வழியில்லை.

ஹியூ அந்தக் காலில்தான் தம் கவனத்தை எல்லாம் வைத்தார்.

லிவர்பூலில் நெல்சன் தெரு 11-ஆம் எண் வீடு. விடியுமுன்னே எழுந்து, சிவப்பு நிறத்தில் தாமே வகுத்துச் செய்த குதிரை வண்டியில் நோயாளிகளைப் பார்க்கப் புறப்பட்டுவிடுவார். குள்ளமான, ஒல்லியான உருவம். கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டு, சாய்ந்த தொப்பி, உதட்டில் எந்நேரமும் சிகரெட். (நூலில் உள்ளதை எழுதுகிறேன்; இதை யாரும் பின்பற்ற வேண்டா.) தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு நடத்திய சங்கங்கள் பலவற்றுக்கு அவர் மருத்துவராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச மருத்துவம், தெருவே நிறைந்துவிடும். விடுமுறை என்பதையே ஏறக்குறைய அறியாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்.

அந்த வீட்டின் தனிச்சிறப்பு அதன் பட்டறை. ஒரு கொல்லரும் தோல் வேலை செய்பவரும் அங்கேயே பணியாற்றினார்கள். நோயாளியின் காலை அளந்து, இரும்பைக் காய்ச்சி வளைத்து, தோல் தைத்து, அங்கேயே மாட்டி அனுப்புவார்கள். பொருந்தவில்லையா, கழற்றி மறுபடி வளைக்க வேண்டியதுதான். கட்டு வைத்தியர் பரம்பரையின் கை இங்கேதான் வெளிப்படுகிறது. பட்டம் பெற்ற எத்தனை மருத்துவர்களுக்கு அந்நாளில் கொல்லனின் சம்மட்டி ஓசையில் இருந்து சிந்திக்கத் தெரிந்திருக்கும்?

1875-இல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளின் நோய்களைப் பற்றி அவர் தம் முதல் பெருநூலை வெளியிட்டார். அதன் சாரம் ஓய்வு. நோயுற்ற மூட்டுக்கு ஓய்வு வேண்டும், அது முழுமையாக வேண்டும், இடையறாமல் வேண்டும், நீண்ட நாள் வேண்டும். அந்நாளில் மற்ற மருத்துவர்கள் இத்தகைய மூட்டுகளைப் பெரும்பாலும் அறுத்தெடுத்தார்கள், அல்லது காலையே வெட்டினார்கள். காசநோய்க் கிருமியைக் கோக் கண்டுபிடித்ததே 1882-இல்தான். மருந்து வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அந்த நிலையில் ஓய்வு ஒன்றே பல குழந்தைகளின் கால்களைக் காத்தது.

ஓய்வு என்று சொல்வது எளிது. மூட்டை தூக்கிப் பிழைப்பவன் மூன்று மாதம் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அந்த இரும்புச் சட்டம் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்பின் எடையை இடுப்பருகே உள்ள வளையம் தாங்கிக்கொள்ளும். கம்பிகள் அந்த எடையைத் தரைக்குக் கடத்திவிடும். இடையிலுள்ள முழங்காலும் கணுக்காலும் எடையேதும் தாங்காமல் தொங்கும். நல்ல காலின் செருப்புக்கு அடியில் ஓர் உயரக் கட்டை வைத்துவிட்டால் நோயாளி நடமாடலாம். மூட்டு ஓய்வில் இருக்கும், மனிதன் நடந்துகொண்டிருப்பான். மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை. படுக்கை தேடினாலும் தாமஸால் தந்திருக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் அவருக்குப் பதவி இருந்ததில்லை.

கணுக்கால் நார்களுக்கு அவர் சொன்னது எவ்வளவு தூரம் பொருந்தும்? நார் கிழிந்த முதல் சில நாட்களில் அங்கே இரத்தம் கசிந்து வீக்கம் காண்கிறது. பிறகு சில வாரங்கள் புதிய கொலாஜன் இழைகள் தாறுமாறாக நெய்யப்படுகின்றன. அதற்கும் பிறகு, மாதக்கணக்கில், அந்த இழைகள் இழுவிசை வரும் திசையிலேயே ஒழுங்காக அடுக்கப்பட்டு வலுப்பெறுகின்றன. முதல் நாளில் திருகுவது, அறுந்த நூலின் இரு முனைகளை ஒட்டவிடாமல் இழுப்பதற்குச் சமம். பாதி கிழிந்தது முழுதும் கிழியலாம். இங்கே தாமஸ் சொன்னதே சரி. 2009-இல் இங்கிலாந்தில் கடுமையான சுளுக்கு ஏற்பட்ட 584 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியாயிற்று. குழாய் போன்ற மீள்துணியை மாட்டிவிட்டவர்களைவிட, முதலில் 10 நாள் முழங்காலுக்குக் கீழ் கட்டுப் போடப்பட்டவர்கள் மூன்றாம் மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆனால் பத்து நாள் என்பதைக் கவனியுங்கள். தாமஸ் மாதக்கணக்கில் கட்டச் சொல்லியிருப்பார். சாதாரணச் சுளுக்கில் விரைவிலேயே மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். இழுவிசையே வராத நாரில் இழைகள் அடுங்காக அமையாமல் போய்விடும். காசநோய் மூட்டுக்குக் கண்ட விதியை எல்லா மூட்டுக்கும் விரித்தது அவருடைய குறை.

அவரே தம் விதியை ஓரிடத்தில் மீறினார் என்பது வேடிக்கை. பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்த குழந்தைகளுக்கு அவர் ஒரு திருகுக் கருவியைச் செய்தார். அது பாதத்தைக் கவ்விப் பிடித்துப் பலமாகத் திருகும். அசைக்காதே, அசைக்காதே என்று சொன்னவர் கையில் அப்படியொரு கருவி! பரம்பரைக் குணம் எங்கே போகும்? வளைந்த பாதத்தைக் கையால் திருத்தலாம் என்ற எண்ணம் சரியானது. முரட்டு விசைதான் பிழை. பிற்காலத்தில் ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொன்செட்டி என்ற மருத்துவர் அதை வேறு வழியில் செய்து காட்டினார். பச்சிளம் குழந்தையின் பாதத்தை வாரம் ஒருமுறை சிறிதளவே கையால் நெளித்து, அந்த நிலையில் மாவுக்கட்டுப் போடுவது. அடுத்த வாரம் இன்னும் சிறிது. குழந்தையின் இணைப்பு நார்கள் கிழியாமல், அந்த மெல்லிய இழுப்புக்கு இணங்கி நீள்கின்றன. இன்று நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் நடைபெறுவது இம்முறையே.

தாமஸ் எளிதில் யாரோடும் ஒத்துப்போகும் மனிதராக இருக்கவில்லை. மாற்றுக் கருத்துடைய மருத்துவர்களைத் தம் நூல்களில் கடுமையாகச் சாடினார். எழுத்து நடையும் கரடுமுரடு. லிவர்பூல் தொழிலாளிகள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடியபோது லண்டன் மருத்துவ உலகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருடைய சட்டங்களும் அந்தப் பட்டறையைத் தாண்டி அதிகம் பரவவில்லை. 1891-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், 56-ஆம் வயதில், சிறிது காலமே நோயுற்றிருந்து காலமானார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் கண்ணீரோடு வழிநெடுக நின்றார்கள்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியின் உடன்பிறந்தார் மகன் ராபர்ட் ஜோன்ஸ் தம் பதினாறாம் வயதில், 1873-இல், அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். மாமாவின் கோபத்தை விட்டுவிட்டுக் கலையை மட்டும் எடுத்துக்கொண்டவர் அவர். 1888-இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டும் பணியின் தலைமை மருத்துவராகி, பல்லாயிரம் தொழிலாளரின் முறிவுகளைக் கவனித்தார். 1896-இல், எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, ஒரு சிறுவன் மணிக்கட்டில் தங்கிய குண்டைப் படமெடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

அவர் காலுக்கே நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. ஒருநாள் நடனமாடும்போது அவர் பாதம் பிசகியது. ஏதோ தசைநாண் அறுந்தது என்றே முதலில் நினைத்தார். படமெடுத்துப் பார்த்தால், சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளிவிளிம்பில் இருக்கும் நீள எலும்பின் அடிப்பகுதி முறிந்திருந்தது! 1902-இல் அதை எழுதி வெளியிட்டார். இன்றும் அந்த முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்றே பெயர். எலும்பு மருத்துவரே சுளுக்கு வகை என்று ஏமாந்தார் என்றால் நாம் எம்மாத்திரம்? கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய விதிகளில் இந்த இடமும் இருக்கிறது. விழுந்தவரால் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்புகளின் பின்விளிம்பையோ முனையையோ, பாத விளிம்பில் இந்த எலும்பின் அடியையோ அழுத்தினால் வலித்தாலோ, நீவிவிடுவதற்கு முன் படமெடுத்துப் பார்த்துவிட வேண்டும். விளையாட்டு வீரர்களான நண்பர்கள் இதை மனத்தில் கொள்வார்களாக.

முதல் உலகப் போர் வந்தது. தொடை எலும்பு முறிந்த வீரர்கள் போர்க்களத்திலிருந்து தூக்கி வரும் வழியிலேயே இரத்தப் போக்காலும் அதிர்ச்சியாலும் மாண்டார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு 80 பேர் வரை இறந்ததாகச் சொல்வார்கள். ராபர்ட் ஜோன்ஸ் மாமாவின் இரும்புச் சட்டத்தை நினைவூட்டினார். தூக்குக் கட்டிலை ஏந்துவோருக்கு, பூட்சையும் கால்சட்டையையும் கழற்றாமலே அதை மாட்டப் பயிற்சி தரப்பட்டது. 1917-இல் அராஸ் என்ற இடத்தில் நடந்த போரின்போது அப்படி மாட்டப்பட்ட ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 16 பேர். தாமஸ் மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. லிவர்பூலின் மூட்டை தூக்கிகளுக்காக வளைத்த கம்பி அது.

அதே ராபர்ட் ஜோன்ஸ் முதுமையில், 1930-களின் தொடக்கத்தில், மூட்டைக் கையால் அசைக்கும் மருத்துவத்தைப் பற்றியும் எழுதினார். கட்டு வைத்தியரின் கைமுறைகளை மருத்துவர்கள் அலட்சியம் செய்ததைக் கண்டித்தார். அசையாமையின் ஆசானுடைய வாரிசு, ஆசானின் தந்தையின் கைக்கு ஒரு நாற்காலி போட்டார் என்று இதைக் கொள்ளலாம்.

இன்று உடற்பயிற்சி மருத்துவர்கள் கணுக்காலில் செய்வது அந்தக் கைமுறையின் மென்மையான வடிவமே. மல்லாந்து படுத்தவரின் கீழ்க்காலை அசையாமல் வைத்து, டேலஸ் எலும்பை வலிக்காத அளவில் பின்னோக்கி மெல்ல மெல்லத் தள்ளுகிறார்கள். 2001-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓய்வோடும் பனிக்கட்டி ஒத்தடத்தோடும் இதையும் பெற்றவர்களுக்குப் பாதத்தை வலியின்றி மேல்நோக்கி மடக்கும் ஆற்றல் குறைந்த தடவைகளிலேயே திரும்பியது. அந்தத் தள்ளல் அறுந்த நாரை ஒட்டவைப்பதில்லை. மூட்டின் உறையைத் தளர்த்துகிறது. எலும்புகள் வழுக்கிச் செல்ல இடம் தருகிறது. வலியால் விறைத்த தசைகளைச் சமாதானம் செய்கிறது. நார்களுக்குள் நரம்பு முனைகளும் உண்டு. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புவதில் அவற்றுக்கும் பங்குண்டு. நாரோடு அவையும் அறுந்துபோவதால்தான் ஒருமுறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுகிறது என்று 1965-இல் ஃப்ரீமன் என்ற ஆங்கில மருத்துவர் கருதினார். ஒற்றைக் காலில் நின்று பழகும் பயிற்சி அதிலிருந்து வந்தது. நானும் இரண்டு மாதம் பேருந்து நிறுத்தத்தில் ஒற்றைக் காலில் நின்று, சக மாணவர்களிடம் கொக்கு என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

இதையெல்லாம் ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். நார் அறுவதையும் ஒட்டுவதையும் சணல் கயிற்றைப் பிரித்துக் காட்டி விளக்கினேன். அவர் அந்தக் கயிற்றை வாங்கித் தம் விரல்களால் முறுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். அன்றைக்கு உன் காலைத் தொட்டிருக்கக் கூடாதா என்று மட்டும் ஒருமுறை வினவினார். நான் பதில் சொல்லத் தடுமாறினேன். பிறகு அவர் ஈவன் தாமஸின் மேல் போட்ட வழக்குகளைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். ஐந்து பிள்ளைகளையும் படிக்கவைக்க அந்த மனிதருக்கு அவ்வளவு பணம் எப்படிக் கிடைத்தது என்றும் கேட்டார்.

போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. எப்போது விழுந்தான் என்று கேட்டார். இன்று காலையில் என்றார்கள். நாலு அடி நடந்து காட்டச் சொன்னார், பையனால் முடியவில்லை. மூங்கில் பத்தை இரண்டை வைத்துக் காலை ஆடாமல் கட்டிவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.